மூன்றாம் நாள் பாட்டு

1

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் இசைப் பக்கத்துக்கு இன்று ஒரு வயது" என்று பிரெஞ்சில் எழுதி, ஒற்றை மெழுகுவர்த்தி வைத்த கேக் படமும் போட்டிருந்தார்கள். அனுப்பியது மனிதரில்லை, இயந்திரம். இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாது, இந்த நாட்டில் என் பெயரைச் சரியாக எழுதியது அது ஒன்றுதான். என் வதிவிட அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். திருத்தச் சொல்லி எத்தனையோ தடவை வரிசையில் நின்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் பிறப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடும்பப் பெயர் எங்கே?" என்று கேட்பார்கள். எங்கள் தோட்டத்தில் யாருக்குமே குடும்பப் பெயர் கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள்.

பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறேன். ஓர் உணவகத்தின் சமையலறையில் தட்டுக் கழுவுவதும் காய்கறி வெட்டுவதும் வேலை. மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, இரவுக் கூட்டம் வரும்வரை சில மணி நேரம் சும்மா இருக்கலாம். அந்த இடைவெளியில் நான் பாட்டுக்காரன். ஊரில் கல்யாண வீடுகளுக்குக் கிட்டார் அடித்தவன் என்பதால் அந்த ஆசை விடவில்லை. ஊர் என்றால் இலங்கையில், தெஹியோவிட்டயில் இருந்து மேலே ஏறும் ஒரு ரப்பர் தோட்டம்.

மின்னஞ்சலைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது. படவில்லை. அந்தப் பக்கத்தில் இப்போது இரண்டு பாட்டுகள்தான் இருக்கின்றன. ஒன்றை எங்கெங்கோ இருக்கிற சனமெல்லாம் கேட்டது. மற்றதை ஒருவர் கேட்டார். அந்த இரண்டாவதைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2

பாட்டு நன்றாக இருந்தால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நித்யாதான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தாள்.

"பப்பா, யாரும் வர மாட்டாங்க. நீங்கதான் அவங்ககிட்ட போகணும்."

அவளே பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். ஆற்றங்கரையில் என்னைக் கிட்டாரோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாள். "சிரிக்காதீங்க. சிரிச்சா சமையல்காரர் மாதிரி இருக்கு" என்றாள். நான் சமையல்காரன்தானே என்றேன். "அது அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்றாள். இசை வகையைக் குறிப்பிடும் இடத்தில் எங்களுக்கென்று ஒன்றுமில்லை. "உலக இசை" என்பதைத் தெரிவு செய்தாள். மற்றவர்களெல்லாம் எந்த உலகத்தில் இருந்து வாசிக்கிறார்கள் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பற்றிய குறிப்பில் "இலங்கையின் தேயிலை மலைகளில் பிறந்தவர்" என்று எழுதினாள். ரப்பர் என்று திருத்தச் சொன்னேன்.

"ரப்பர்னா டயர் ஞாபகம்தான் வரும் பப்பா. தேயிலைதான் எல்லாருக்கும் பிடிக்கும்."

அப்படியாக, ரப்பர் மரத்துக்குக் கீழே தவழ்ந்த நான் தேயிலைக்குள் பிறந்தவனானேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே வேலைதான். முன்பின் தெரியாதவர்களை நண்பர்களாகச் சேர்ப்பது, அவர்கள் பக்கத்தில் போய் "உங்கள் இசை அருமை, என் பக்கத்துக்கும் வாருங்கள்" என்று எழுதுவது, அவர்கள் திரும்ப எழுதுவதற்கு நன்றி சொல்வது. ஜெர்மனியில் அக்கார்டியன் வாசிக்கும் ஒருவர் எனக்கு நல்ல சிநேகிதர் ஆனார். அவர் வாசித்ததை நான் கேட்கவில்லை. நான் பாடியதை அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அருமை என்றோம். இணைய வானொலிகளுக்கெல்லாம் எழுதினேன். தமிழ்க் கடையில் போன் அட்டை விற்கும் யோகன் அண்ணையின் மேசை மேல் என் சிடிக்களை வைத்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

"தம்பி, நீர் இந்தியாவோ?" என்று முதல் நாள் கேட்டார்.

"இல்லைங்க, தெஹியோவிட்ட."

"அது எங்க கிடக்கு?"

அவிசாவளைக்குக் கிட்டே என்றேன். சிங்கள ஊரில் தமிழர் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டார். சிடிக்கள் தூசி படிந்து அங்கேயே கிடந்தன. கேட்டவர்களின் எண்ணிக்கை காட்டும் கட்டத்தில் பெரும்பாலும் நானும் நித்யாவும்தான் இருந்தோம். கொஞ்ச நாளில் நித்யாவும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

3

மாசி மாதம் வந்தது. எங்கள் தோட்டத்தில் மாசி என்றால் காமன் கூத்து. கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமியன்று சிவன் காமனை எரிப்பார், ரதி விழுந்து புரண்டு அழுவாள். மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். எழுப்புகிற அன்றுதான் காப்பு அவிழ்ப்பார்கள். ரதி வேஷம் என் அண்ணன் கருப்பையாவுக்கு. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் அதே ஆள், சேலை கட்டிக்கொண்டு சபையில் வந்து நின்று அழ ஆரம்பித்தால் நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அழும். அந்த அழுகைப் பாட்டைப் பதிவு செய்து, கிட்டார் சேர்த்துப் போட வேண்டும் என்று எனக்குப் புத்தி போனது. ஊருக்குப் போன் எடுத்தேன்.

"இந்த வருசம் கூத்து இல்லடா" என்றார் அண்ணன். "சண்டை நேரத்துல ராவுல கூட்டம் கூடி தப்பு மேளம் அடிச்சா போலீசுல கேள்வி வரும்னு தோட்டத் தலைவர்மாரே வேணாம்னுட்டாங்க. கம்பம் ஊணல."

"கூத்து வேணாம்ண்ணே. நீங்க போன்ல பாடுங்க, போதும்."

"காப்புக் கட்டாம எப்புடிடா அதப் பாடுறது?"

பாட்டுக்கு எதற்குக் காப்பு என்று கேட்டேன். நல்ல கேள்வி கேட்டாய் போ என்று போனை வைத்துவிட்டார். பௌர்ணமியன்று கோயிலில் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு, கம்பம் ஊன்றுகிற வெறும் மைதானத்தில் நின்று, அண்ணி பார்வதி பிடித்துக்கொண்ட கைப்பேசிக்குள் பாடினார். இங்கே மத்தியானம். நான் ஒலிவாங்கியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரலுக்குக் கிட்டாரே தேவையில்லை. ஆனாலும் அடித்தேன்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு எழுப்புப் பாட்டையும் பாடினார். இரண்டு பேர் தப்பு அடித்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். பாடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ரெண்டையும் போடு. எங்க எரிச்சமோ அங்கதான் எழுப்பணும். இந்த வருசத்துக் கூத்து ஒன்னோட அந்தப் பக்கத்துலதான்."

இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது என்றாள் நித்யா. "ஒரு பாட்டு போட்டுட்டு ரெண்டு வாரம் விடணும் பப்பா. அப்பதான் ஆளுங்க திரும்பி வருவாங்க." விளம்பரம் தெரிந்தவள் சொல்கிறாள் என்று, என் பழைய பாட்டுகளை எடுத்துவிட்டு அழுகையை மட்டும் போட்டேன்.

4

அந்த நேரத்தில் வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. ரதியின் அழுகையை யாரோ ஒருவர் எடுத்து, செத்துப்போன தன் தங்கையின் படத்துக்குக் கீழே போட்டார். அங்கிருந்து இன்னொருவர் எடுத்தார். கனடாவில் ஓர் இணைய வானொலி காலையும் மாலையும் போட ஆரம்பித்தது. நான் எத்தனை மாதம் கெஞ்சியும் வராத ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வந்தவர்கள் யாரும் "அருமை" என்று எழுதவில்லை. பெயர்களை எழுதினார்கள். அப்பாவின் பெயர், பிள்ளையின் பெயர், கூடவே ஊர் பெயர். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன், அப்படித்தான் எழுதிப் பழகியிருந்தேன். பிறகு அதையும் நிறுத்திவிட்டேன். செத்தவர் பெயருக்குக் கீழே போய் எப்படி நன்றி என்று எழுதுவது?

யோகன் அண்ணை என் சிடிக்களைத் தூசி தட்டி முன்னால் வைத்தார். "என்ர மனுசி உம்மட பாட்டைக் கேட்டிட்டு சாப்பிடாமக் கிடக்கிறா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஒன்றுமில்லை. துக்கமும் இல்லை, பெருமையும் இல்லை. பாட்டு நாலு பேருக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று வருஷக்கணக்காகக் கனவு கண்டவன், தெரிந்த அன்று வெங்காயம் நறுக்கப் போனேன். சமையலறை வானொலியில் வேறு ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பதாகைகளோடு நின்றார்கள். நானும் ஒரு நாள் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் விக்கி விக்கி அழுதாள். எனக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் போனது. எழுப்புப் பாட்டைப் போடவில்லை. தப்பும் குலவையுமாக ஒரு பாட்டை இந்தப் பெயர்களுக்கு நடுவில் எப்படிப் போடுவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

5

வைகாசியில் அண்ணி போன் எடுத்தார். அண்ணன் மகள் சாந்தி, ரத்னபுர தாண்டி நிவித்திகல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன்.

"வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஒங்க அண்ணன் போய்ப் பாக்கலீங்க."

"ஏன் அண்ணி, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. காப்பு இன்னும் கையிலதானே இருக்கு? காப்போட புள்ள பெத்த வீட்டுக்குப் போகக்கூடாது, சாவு வீட்டுக்கும் போகக்கூடாதுன்னு உக்காந்திருக்காரு. மீன் கவுச்சி இல்ல. வெளியில கட்டில்லதான் படுக்கை. பொட்டப்புள்ளைங்கிறதாலதான் தாத்தா வரலையான்னு அவ மாமியா கேட்டாங்களாம். புள்ள அழுவுறா. நீங்க அந்தப் பாட்ட என்னதான் செஞ்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் மாசியிலேயே அவிழ்த்திருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ சம்பள நாளெல்லாம் டவுனுக்கு இறங்கி, போனும் இன்டர்நெட்டும் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடையில் இருக்கும் சிங்களப் பெண்ணிடம் சொல்லி என் பக்கத்தைத் திறந்து பார்த்து, ஒரே பாட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குத் திரும்ப ஏறிப் போயிருக்கிறாராம். சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாத அந்த மனிதரின் குரல், ஊர் ஊராகச் சாவு வீடு ஏறிக்கொண்டிருந்தது. பிறந்த வீட்டுக்குப் போக அவருக்கு வழியில்லை.

போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"காப்ப அவுத்துடுங்கண்ணே. நீங்கதான் எழுப்பிப் பாடிட்டீங்களே."

"நான் பாடுனது ஒன் காதுல. சபையில வைக்கலையே. எரிச்சத சபையில வச்ச, எழுப்புறதயும் சபையில வை. கேக்குறதும் கேக்காததும் அவங்க பாடு."

"இப்ப நெலம சரியில்லண்ணே."

"எரிக்கிறப்ப மட்டும் சரியா இருந்துச்சா?"

அவரே தொடர்ந்து பேசினார்.

"இங்க டவுன்ல வெடி கொளுத்துறாங்க. சண்டை முடிஞ்சிருச்சுல்ல. ரோட்டுல மேசை போட்டு கிரிபத் குடுத்தாங்க. எனக்கும் நீட்டுனாங்க. வாங்கிச் சாப்புட்டேன். வேணாம்னு சொல்ல முடியுமா? சாப்புட்டுட்டு, நல்லா இருக்குன்னு சிங்களத்துல சொல்லிட்டு வந்தேன். என்னத்தச் சொல்ல. நீ அந்தப் பாட்டப் போடு தம்பி."

அந்தப் பாற்சோறு அவர் தொண்டையில் எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க மட்டும்தான் முடிந்தது.

யோகன் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். காப்பு, மூன்றாம் நாள், குழந்தை, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, குறை நினைக்காதேயும். அங்க வெடி கொளுத்துறாங்கள். இந்த நேரத்தில நீர் மேளம் அடிச்சுப் பாட்டுப் போட்டால், சனம் என்ன நினைக்கும்? அவையளோட சேர்ந்து நீரும் கொண்டாடுறீர் எண்டுதான் நினைக்கும். உம்மட பெயர் இப்பதான் வெளியில வந்திருக்கு. பேசாம இரும்."

அவர் சொன்னதிலும் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிரச்சினை.

6

வீட்டுக்கு வந்து நித்யாவைப் பாட்டை ஏற்றச் சொன்னேன். கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். தப்பையும் குலவையையும் வெட்டிவிட்டு மெதுவான பகுதியை மட்டும் வைக்கலாமே என்றாள். வேண்டாம், முழுக்கப் போடு என்றேன். விளக்கமாக ஒரு குறிப்பாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "இது எங்கள் ஊர் வழக்கம்" என்று எழுதினேன், அழித்தேன். "யாரையும் புண்படுத்த அல்ல" என்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் "எழுப்பு" என்று மட்டும் பெயர் போட்டு, ஊரில் பழைய கூத்தில் தப்பு அடிக்கும் ஒரு படத்தோடு ஏற்றினோம்.

முதல் வசவு வர அதிக நேரம் ஆகவில்லை. பாட்டை யாரும் கேட்கவில்லை. படத்தில் இருந்த தப்பைப் பார்த்ததே போதுமாக இருந்தது. "பிணத்துக்கு மேலே மேளமா?" என்று ஒருவர் எழுதினார். "தோட்டக்காட்டான் புத்தி" என்று இன்னொருவர் எழுதினார். கனடா வானொலி, அழுகைப் பாட்டையும் நிறுத்திவிட்டதாக இரண்டு வரியில் தெரிவித்தது. நண்பர்கள் பட்டியல் மளமளவென்று சரிந்தது. நித்யாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்காங்க பப்பா?"

"பாராட்டியிருக்காங்க."

"அப்ப ஏன் ஆளுங்க போயிட்டே இருக்காங்க?"

அவள் என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள், எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. யோகன் அண்ணை சிடிக்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்தார். திட்டவில்லை. போன் அட்டை வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

எழுப்புப் பாட்டின் கட்டத்தில் நாள்கணக்காகச் சைபரே நின்றது. ஒரு நாள் காலையில் அது ஒன்றாகியிருந்தது. மத்தியானம் சமையலறைக்குப் பின்னால், குப்பை வாளிகள் வைக்கும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"அவிசாவள பஸ் ஸ்டாண்டுல. காலையில கொமினிகேஷன்ல போய்க் கேட்டேன். கேட்டுட்டு, காப்ப அவுத்து ஆத்துல விட்டுட்டு வந்துட்டேன். அண்ணி பக்கத்துல இருக்கா. புள்ளைக்கு வளையல் வாங்கியிருக்கோம்."

"பாட்டு எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கிட்டாரு கொஞ்சம் ஜாஸ்தி."

என்னை அறியாமல் சிரித்தேன். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் பாட்ட ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் ஏசிட்டுப் போயிட்டாங்க. உலகத்துலயே நீங்க ஒரு ஆள்தான் கேட்டிருக்கீங்க."

அந்தப் பக்கம் கண்டக்டர் ஒருவர் "ரத்னபுர, ரத்னபுர, நகின்ன, நகின்ன" என்று ஆட்களைக் கூவி ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்.

"என்னடா நீ, கதையவே மறந்துட்டியா? எழுந்த காமன் ரதி கண்ணுக்கு மட்டும்தானே தெரிவான். ஊர் கண்ணுக்கு அவன் செத்தவன்தான். அப்புடித்தானே சிவன் வரம் குடுத்தாரு? சரி சரி, பஸ் எடுக்கப் போறான். பேத்தியப் பாத்துட்டுக் கூப்புடுறேன்."

போன் நின்றது. குப்பை வாளி ஒன்றின் மூடி மேல் உட்கார்ந்து அழுதேன். மாசியில் இருந்து வராமல் இருந்தது அது. உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், வதிவிட அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்து போனேன்.